பெயர் சொன்னால் தத்தும்

1992ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஓக்லாந்து நகரின் மவுண்ட் வெல்லிங்டனில், அட்டைத் துண்டில் ஒட்டி வைத்திருந்த செத்த தத்திப் பூச்சி ஒன்று, யோகராணி அதன் சரியான பெயரை வாசித்ததும் அட்டையோடு எழும்பிச் சீனிப் போத்தலுக்குள் விழுந்தது. அது செத்து ஐந்து நாளாகியிருந்தது. அதற்கு முன் அவள் புத்தகத்தைப் பார்த்துப் பிழையான பெயர்கள் ஆறு வாசித்திருந்தாள். ஆறுக்கும் அது அசையவில்லை. எதிரே இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அவளுடைய கணவர் தியாகலிங்கம் போத்தலுக்குள் எட்டிப் பார்த்தார்.

“இது செத்ததெல்லே?”

“ஓம்.”

“பிறகென்னண்டு தத்தினது?”

“பேர் சரியப்பா. அதுதான்.”

அவர் கரண்டியால் அதை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மிச்சத் தேத்தண்ணீரைச் சீனியில்லாமல் குடித்து முடித்து, ரொட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார்.

தத்தி என்றால் நெல்மணியில் பாதி கூட வராத பூச்சி, என் செல்லங்களே. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஊசி இருக்கும். அதை இலையில் குத்திச் சாற்றை உறிஞ்சும். ஆள் நிழல் பட்டால் நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்து இலையின் மறுபுறம் ஒளியும். இன்னும் கிட்டப் போனால் தத்தும். மூட்டைப்பூச்சிக்கு அது ஒன்றுவிட்ட உறவு. இந்த உறவு தெரியவந்த நாளில் தியாகலிங்கம் பூச்சிப் பெட்டிகளைச் சமையலறையிலிருந்து வாஷிங் மெஷின் இருக்கும் அறைக்கு மாற்றச் சொன்னார், அவளும் மாற்றினாள். யோகராணி ஊரில் கிளிநொச்சிப் பக்கம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவள். வயல் வயலாகச் சைக்கிளில் போய், நெற்பயிரைக் கருக்கும் கபிலத் தத்தியை எண்ணிக் கொப்பியில் எழுதியவள். 1989இல் ஓக்லாந்துக்கு வந்தபோது அவளுடைய டிப்ளோமாவை வாங்கிப் பார்த்தவர்கள், மிக நல்ல தாள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். சான்ட்விச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முட்டை அடுக்கும் வேலை கிடைத்தது. மத்தியான இடைவேளை அரை மணித்தியாலம். அதில் பத்து நிமிடம் சாப்பாட்டுக்கு. மிச்ச இருபது நிமிடமும் தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள புல்லுக்கு. பழைய பட்மின்டன் மட்டையின் நரம்பை அறுத்து, ஜன்னல் திரைத் துணியைப் பையாகத் தைத்து, வலை செய்திருந்தாள். வலையில் விழுந்ததை ஒரு ரப்பர்க் குழாயால் உறிஞ்சிச் சீசாவுக்குள் எடுப்பாள். பூச்சி வாய்க்குள் போகாதபடி குழாயின் நுனியில் துணி கட்டியிருக்கும். கூட வேலை செய்தவர்கள் இதை ஏதோ கீழைநாட்டுச் சுருட்டு என்று நினைத்து, மேற்பார்வையாளரிடம் சொல்லாமல் பெருந்தன்மையாக இருந்தார்கள்.

பூச்சிகளின் பட்டியலை வைத்திருந்தவர் நகரின் வடக்கே ஆல்பனியில் இருந்தார். பெயர் கிரிம்ஷா. இங்கிலாந்தில் ஒரு மாவட்டத்தின் தத்திகளையும் அவற்றின் உறவான நாவாய்ப்பூச்சிகளையும் முப்பத்தைந்து வருடம் தேடித் தேடிப் பதிந்தவர். முதுமையில் மகளோடு இருக்க இங்கே வந்து, வந்த மறு வாரமே ஓக்லாந்துக்கும் ஒரு பட்டியலைத் தொடங்கியிருந்தார். அவருடைய பதிவு அட்டையில் நான்கு கட்டங்கள். என்ன, எங்கே, எப்போது, யார். நான்கில் ஒன்று வெறுமையாக இருந்தால் அந்த அட்டை குப்பைக்குப் போகும். ‘யார்’ என்ற கட்டத்தில் கையெழுத்து வைக்கிறவரே பூச்சியை இனங்கண்டிருக்க வேண்டும். இன்னொருவர் சொன்னார் என்று எழுதக்கூடாது. யோகராணி இரண்டு கோடையில் முந்நூற்றுப் பதினோர் அட்டைகள் அனுப்பினாள். ஒன்றும் பிழையில்லை. எப்படி என்று அவர் எழுதிக் கேட்டார். பெயரைச் சொன்னால் தத்தும் என்று இவள் பதில் எழுதினாள். கிரிம்ஷா தன் அலுமாரியில் இருந்த நாற்பது வருடப் பழைய இங்கிலாந்துத் தத்தி ஒன்றை எடுத்து, கதவைச் சாத்திவிட்டுப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். அது கூரை விளக்கில் போய் ஒட்டியது. இத்தனை வருடம் வீணாகப் பேசாமல் இருந்துவிட்டேன் என்று மகளிடம் வருத்தப்பட்டாராம்.

ஆனால் அவரிடம் ஒரு விதி இருந்தது. ஏற்கனவே பெயருள்ள பூச்சிக்கு இந்த முறை போதும். பெயரே இல்லாத புதியதற்கு ஆண் வேண்டும். ஆணின் வால்நுனியை வெட்டி, காரக் கரைசலில் சதை கரைய அவித்து, உருப்பெருக்கியில் பார்த்து வரைந்தால்தான் அது இன்னதென்று முடிவாகும். பெண் எல்லாம் ஒன்றுபோல இருக்கும் என்பது அவர்களுடைய நூல்களின் முடிவு. பெண் மட்டும் கிடைத்தால், ‘பெண், இனம் தெரியாது’ என்று எழுதி அலுமாரியின் கடைசி இழுப்பறையில் போடுவார்கள். அந்த இழுப்பறை எப்போதும் நிறைந்தே இருந்தது.

1994 ஜனவரியில், தொழிற்சாலையின் பின்னால் எரிமலைக் கல் மதிலோரம் வாள்போல இலை நீண்ட ஃபிளாக்ஸ் செடிகளுக்குள், யோகராணிக்கு அந்தச் சாம்பல் பச்சைத் தத்தி கிடைத்தது. தோளில் ஒரு வெள்ளைக் கோடு. வேறெங்கும் இல்லை, பக்குரங்கா ஆற்றோரம் தேடினாள், ஆல்பனிக் காட்டோரம் தேடினாள், இல்லை. முப்பத்தெட்டு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள அந்தத் துண்டில் மட்டும் இருந்தது. நான்கு கோடையில் எண்ணூறுக்கு மேல் பார்த்தாள். அத்தனையும் பெண். புத்தகத்தில் இருந்த பெயர் ஒவ்வொன்றையும் வாசித்தாள். எதற்கும் அசையவில்லை.

இந்த நேரத்தில்தான் அடுத்த வீட்டுக்குச் சுந்தரி வந்தாள். மன்னார்குடிக்காரி, அவள் கணவர் பழனிவேல் ஆஸ்பத்திரி லேபில் வேலை. முதல் நாளே வேலிக்கு மேலால் பார்த்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். தத்தி என்றாள் யோகராணி. சுந்தரி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“எங்க ஊர்ல தத்தின்னா மக்குன்னு அர்த்தம் அக்கா. என்னைத்தான் சொல்றீங்களோன்னு ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன்.”

“உங்களையேன் நான் சொல்லுறன்? அப்ப நீங்கள் இதை என்னண்டு சொல்லுவியள்?”

“வயல்ல இருந்தா தத்துப்பூச்சி. வீட்ல சோபாவுல உட்கார்ந்து கிரிக்கெட் பாத்தா தத்தி.”

அன்றிலிருந்து சுந்தரியும் கூடப் போனாள். யோகராணி தடியால் இலையைத் தட்டுவாள். சுந்தரி கீழே வெள்ளைக் குடையைக் கவிழ்த்துப் பிடிப்பாள். விழுந்ததை எல்லாம் யோகராணி “வாங்கோ, வாங்கோ” என்றுதான் சீசாவுக்குள் எடுப்பாள். அது அவளுடைய வளர்ப்பு. அவளுடைய தந்தை சபாரத்தினம் பள்ளிக்கூட அதிபர். ஆட்டுக்குட்டியைக்கூட “வாரும்” என்று கூப்பிட்டவர். யாழ்ப்பாணத்தில் ‘டி’ போட்டுக் கதைக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. அந்த வீட்டில் இல்லை. யோகராணி தன்னைவிடப் பத்து வயது இளைய சுந்தரியையும் ‘நீங்கள்’ என்பாள், தெருப் பூனையையும் ‘நீங்கள்’ என்பாள்.

1997 கடைசியில் மதிலில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். பக்கத்துக் கடைகளுக்குக் கார் நிறுத்துமிடம் வரப்போகிறது. அழியக்கூடாதது ஏதும் அந்த இடத்தில் இருந்தால், 1998 மார்ச் 31க்கு முன் உரிய பதிவோடு நகரசபைக்கு அறிவிக்கலாம். யோகராணி ஆல்பனிக்குத் தொலைபேசி எடுத்தாள். கிரிம்ஷா வருத்தத்தோடுதான் சொன்னார்: ஆண் இல்லாமல் பெயர் இல்லை, பெயர் இல்லாமல் பதிவு இல்லை. அவள் தொலைபேசியை வைத்துவிட்டு, மார்ச் முடியும் வரை லீவு போட்டாள். இனி முட்டையை வேறு யாராவது அடுக்கட்டும் என்றாள். அவள் அப்படிச் சொன்னால் அது முடிந்த முடிவு என்று தியாகலிங்கத்துக்குத் தெரியும். அவரே சமைக்கத் தொடங்கினார்.

மார்ச் முதல் வாரம் ஒரு மத்தியானம். சுந்தரி குடையைப் பிடித்தபடி நின்றாள். குடைக்குள் ஒரே ஒரு தத்தி. யோகராணி பிற தேசத்துப் புத்தகம் ஒன்றைத் தருவித்து, அதிலிருந்து பெயர் பெயராக வாசித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும், “எழும்புங்கோ பிள்ளை” என்று ஒருமுறை சொன்னாள்.

“அக்கா, இது எத்தனாவது?”

“ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு.”

“எனக்குக் கை போச்சு. காலைல ஒரு வாய் காபி குடிச்சதோட சரி. அங்க எங்க வீட்டுக்காரர் கார்ல உட்கார்ந்து ஹாரன் அடிச்சிட்டிருக்காரு. இவ என்னடான்னா மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கா.” சுந்தரி குடைக்குள் குனிந்தாள். “அக்கா எவ்வளவு மரியாதையா கூப்பிடறாங்க, காது கேக்கல? பெரிய இவளாட்டம். போடி!”

தத்தி எழும்பி அவளுடைய மூக்குத்தியில் உட்கார்ந்தது.

யோகராணி புத்தகத்தை மூடினாள். பிறகு, திரும்பச் சொல்லுங்கோ என்றாள். சுந்தரி திரும்பச் சொன்னாள். இந்தமுறை மதிலோரச் செடிகள் முழுவதும், காற்றே இல்லாமல், ஒருமுறை சலசலத்தன. வீட்டுக்கு வந்து பார்த்தபோது, வாஷிங் மெஷின் அறையில் ஒட்டி வைத்திருந்த இந்த இனப் பூச்சிகள் நாற்பத்தொன்றும் அட்டையோடு தரையில் கிடந்தன. தியாகலிங்கம் அவற்றைக் கூட்டி ஒரு கோப்பையில் போட்டு வைத்திருந்தார்.

இனங்கண்டவர்தான் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து யோகராணியுடையது என்றால் அவளுடைய வாயால் கூப்பிட வேண்டும். சுந்தரி வைக்கட்டும் என்று யோகராணியே கேட்டுப் பார்த்தாள். நான்கு வருஷம் புல்லில் கிடந்தது யாரு என்று சுந்தரி ஏசிவிட்டாள். ஆகவே யோகராணி பழகினாள். குளியலறைக் கண்ணாடிக்கு முன் பூச்சி ஒன்றை வைத்து மூன்று நாள் பழகினாள். ‘போ’ வரும். ‘டி’யில் நாக்கு நின்றுவிடும். ஒருமுறை முழுவதுமாக வந்தது, ஆனால் “போடியுங்கோ” என்று வந்தது. பூச்சி பாதி எழும்பித் திரும்ப உட்கார்ந்தது.

“இஞ்சாரும், உள்ளுக்க ஆரோட சண்டை?” என்று தியாகலிங்கம் கதவைத் தட்டினார்.

“உங்களோட இல்லை.”

“அது தெரியும். எனக்கெண்டால் ‘டா’ எல்லோ வரும்.”

நான்காம் நாள் அவள் மதிலோரம் போனபோது, ஃபிளாக்ஸ் செடிகளுக்கு நடுவே கார் நிறுத்துமிடத்தை அளந்து குறிக்கும் செம்மஞ்சள் நிற மரமுளைகள் அறைந்திருந்தார்கள். அறைந்தவர்கள் பதினேழு செடிகளை மிதித்து மடித்திருந்தார்கள். யோகராணி முளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு கடைசிவரை நடந்தாள். திரும்பி வந்தாள். மடிந்த இலை ஒன்றை நிமிர்த்தினாள். அதன் அடியில் ஒன்று இருந்தது. நாற்பத்தாறு வருட மரியாதையை அவள் ஒருபக்கம் வைத்தாள்.

“போடி,” என்றாள்.

அது தத்தியது.

மறுநாளே ஆல்பனிக்குப் போனார்கள். பழனிவேல் காரை ஓட்டினார். கிரிம்ஷா மேசையில் வெள்ளைத் தாள் விரித்து வைத்திருந்தார். யோகராணி சீசாவைக் கவிழ்த்தாள், கூப்பிட்டாள், பூச்சி தத்தியது. அவர் தலையை ஆட்டினார். பிறகு அதே விதியைத் திரும்பச் சொன்னார். யோகராணி தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொன்னாள்: ஆணில்லாத இடத்தில் ஆணைக் கேட்டால் நான் எங்கே போவேன், ஐயா? எண்ணூறு பேரைக் கேட்டுவிட்டேன். அவர்களுக்கு ஆண் தேவைப்படவில்லை. உங்களுக்குத்தான் தேவைப்படுகிறது. உங்களுக்கு வேண்டியது ஆணா, பெயரா?

கிரிம்ஷா தன் வாழ்நாளில் ஒன்பதாயிரம் ஆண்களின் வால்நுனியை அவித்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். பிறகு தாளின் மேல் குனிந்து, “பொடி” என்றார். ஒன்றும் நடக்கவில்லை. நீட்டுங்கோ, ‘போ’ என்றாள் யோகராணி. “போ… டி” என்றார் அவர். அது அவருடைய இடது புருவத்தில் வந்து உட்கார்ந்தது. அதை அங்கேயே இருக்கவிட்டு அவர் அட்டையை எடுத்து, ‘என்ன’ என்ற கட்டத்தில் ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரை எழுதினார். அதன் பக்கத்தில் ‘பெண்’ என்று எழுதி, வழக்கமாக அதற்குப் பின் எழுதுகிற ‘இனம் தெரியாது’ என்பதை எழுதாமல் விட்டார். ‘யார்’ என்ற கட்டத்தில் யோகராணி கையெழுத்து வைத்தாள். பெயரின் பொருளையும் குறிக்க வேண்டும், என்ன பொருள் என்று கேட்டார். சுந்தரி வாயைப் பொத்திக்கொண்டாள். யோகராணிக்குப் பொய் வராது. ‘போ’ என்றால் போ. ‘டி’ என்பது மிக நெருங்கிய பெண்ணிடம் மட்டும் சொல்வது என்றாள். அவர், ‘போய் வா, கண்ணே’ என்ற பொருள்பட எழுதிக்கொண்டார். இன்றைக்கும் அந்தப் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது.

மார்ச் 30ஆம் தேதி, திங்கட்கிழமை, யோகராணி அட்டையின் பிரதியை நகரசபையில் கொடுத்தாள். அட்டையின் அடியில், ஆதாரமாக, ‘கூப்பிட்டதும் தத்தியது’ என்று இருந்தது. மேசையில் இருந்த பெண் அதை வாசித்து, கையெழுத்து நீல மையா கறுப்பு மையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கறுப்பு என்று கண்டு முத்திரை குத்தினாள். ஜூன் மாதம் முளைகளைப் பிடுங்கி ஒன்றரை மீட்டர் தள்ளி அறைந்தார்கள். ஒன்பது கார்களுக்கு இடம் குறைந்தது. மதிலோரத் துண்டுக்குக் குட்டை வேலி போட்டார்கள். கிரிம்ஷா கடைசி இழுப்பறையை வெளியே இழுத்து, யோகராணிக்கென்று பழனிவேலின் காரில் ஏற்றிவிட்டார். முப்பத்தைந்து வருடப் பெண்கள், எல்லாருக்கும் பெயர் பாக்கி. அவள் முட்டை வேலைக்குத் திரும்பினாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒருத்தியாக எடுத்து, முதலில் மரியாதையாகவும் அசையாவிட்டால் மரியாதையில்லாமலும் கேட்டுக்கொண்டு வந்தாள்.

அந்தக் கார் நிறுத்துமிடம் 1999 நவம்பரில் திறந்தது. சனிக்கிழமைகளில் நம்மவர்கள் அங்கேதான் நிறுத்துவார்கள். காரைவிட்டு இறங்க மாட்டேன் என்று இங்கிலீஷில் அடம்பிடிக்கும் மகளிடம் எந்தத் தாயாவது பொறுமையிழந்து “போடி” என்றால், மதிலோரம் முப்பத்தெட்டு மீட்டரும் ஒருமுறை எழும்பி அமரும். ஒன்றிரண்டு, சட்டைக் கையில் வந்து விழும். தாய் அதைத் தட்டிவிடுவதில்லை. இலைப்பக்கம் கையை நீட்டிப் பிடிப்பாள், அது இறங்கிப் போகும் வரை. பிறகு இருவரும் பையை எடுத்துக்கொண்டு கடைக்குள் போவார்கள்.