மாடிக்குப் போகாத பதிவேடு

புயல் காலம் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குச் சுற்றறிக்கை வந்துவிட்டது. கீழ்த்தளத்து ஆவணங்களையெல்லாம் மாடிக்கு மாற்ற வேண்டும் என்று. சூப்பிரண்டின் மேசையில் அது ஒன்பது நாள் நன்றாகத் தூங்கியது. கடலில் புயல் உருவாகிவிட்டதாக ரேடியோவில் சொன்ன பிறகுதான் அவர் அடித்துப் பிடித்துக்கொண்டு பதிவறைக்கு ஓடி வந்தார்.

பதிவறையில் பதினெட்டு வருடமாக இருப்பவளை அங்கே எல்லோரும் ‘ரிக்கார்டு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நாளைக்கு மத்தியானம் கரையக் கடக்குதாம். இன்னிக்கே ஏத்திடணும்மா.”

“பிறப்புப் பதிவேடு மட்டுமே நூத்திப் பதினாறு இருக்கு சார்.”

“மேல ஒரு ரேக்குதான் காலி. அறுபது பிடிக்கும். மத்த இடமெல்லாம் மருந்துப் பெட்டிக்கு வேணும். கடைசி இருபது வருஷத்துத மட்டும் ஏத்து. அதுக்கு முன்னாடி உள்ளத பிளாஸ்டிக்ல சுத்தி பீரோ மேல வை. அதையெல்லாம் யாரு வந்து கேக்கப்போறா?”

அவள் வாய்வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டாள். கேட்க ஒரு ஆள் இருந்தாள். அவளுடைய சொந்த அக்கா.

இருபத்து மூன்று வருடத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு நாள்தான் இருந்தது. பெயர் வைக்கவில்லை, படம் எடுக்கவில்லை. அந்தக் குழந்தை இந்த உலகத்துக்கு வந்துபோனதற்கு ஒரே அடையாளம், பதிவேட்டில் மையில் பதித்த அதன் வலது பாதம். அக்காவுக்கு அதன் பிறகு குழந்தை இல்லை. வருடம் ஒருமுறை, அந்தத் தேதியில் வந்து உட்காருவாள். தங்கை பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். ஐந்து நிமிடம். அக்கா அதைத் தொடக்கூட மாட்டாள், மை அழிந்துவிடும் என்று.

பிறப்புப் பதிவேடு வருடத்துக்கு மூன்று தொகுதி, இருபது வருடத்துக்கு அறுபது. வார்டு ஊழியர் ஒருவர் உதவிக்கு வந்தார். ஆள் நெடுநெடுவென்று இருப்பதால் அவருக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர்.

“லிஃப்ட் ரிட்டயர்டு ஆகி மூணு வருஷமாச்சு, பென்ஷன்தான் வரல” என்று சொல்லிக்கொண்டே இரண்டிரண்டாகத் தோளில் வைத்து ஏறினார். அவள் ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் கையெழுத்துப் போட்டாள்.

மத்தியானம் அக்கா போன் செய்தாள். “வீட்டுப் பத்திரம், அத்தானோட சர்டிபிகேட்டு எல்லாத்தையும் டப்பாவுல போட்டு பரண்ல ஏத்திட்டேன். உன் வீட்டுல?”

“அதெல்லாம் ஆச்சுக்கா.”

“ஆபீஸ்ல எல்லாம் பத்திரமா இருக்கா?”

“இருக்கு.”

“சரி, வச்சிடறேன்.” அக்கா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. போனை மட்டும் கொஞ்ச நேரம் வைக்காமல் இருந்தாள்.

நாலு மணிக்கு அறுபதும் மேலே போய்விட்டது. ரேக்கைப் பூட்ட சூப்பிரண்டு அரை மணியில் வருவதாக இருந்தார். ஒட்டடைக்குச்சி டீ குடிக்கப் போயிருந்தார். அவள் கீழே போய், இருபத்து மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தத் தொகுதியைச் சேலைத் தலைப்பில் மூடி எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். ரேக்கில் ஒரு விரல் நுழைய இடமில்லை. கைக்கு வந்த ஒன்றை உருவினாள். பதினொரு வருடத்துக்கு முந்தைய இரண்டாம் தொகுதி. அந்த இடத்தில் அக்காவினுடையதைச் செருகிவிட்டு, உருவியதைக் கீழே கொண்டுவந்தாள். பிளாஸ்டிக் சுருள் பழைய தொகுதிகளைச் சுற்றியதிலேயே தீர்ந்திருந்தது. பழைய படுக்கை விரிப்பில் முடிந்து பீரோவின் மேல் வைத்தாள். இதற்கு முன் எந்த வெள்ளத்திலும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்ததில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

உருவியதை மாடியிலேயே நர்ஸ்கள் அறையில் ஒரு நாற்காலி மேல் வைத்திருந்தால்கூடப் போதுமாக இருந்திருக்கும். யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற பதற்றத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

தண்ணீர் இந்த முறை ஜன்னலின் மேல் சட்டம் வரைக்கும் வந்தது. மூன்று நாள் கழித்துக் கதவை உடைத்துத்தான் உள்ளே போக முடிந்தது. பீரோக்கள் குப்புறக் கிடந்தன. படுக்கை விரிப்பை அவிழ்த்தாள். உள்ளே இருந்தது காகிதமே இல்லை, சேறு.

இரண்டு வாரம் கழித்து ஒரு தையல்காரி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண்ணுக்குப் பதினொரு வயது. அம்மாவின் கையை விடாமல் நின்றாள்.

“கூரையோட எல்லாம் போச்சுங்க. இவ அப்பா வெளிநாட்டுல வேலை செய்யறாரு. எங்களக் கூப்பிட்டுக்க இப்பத்தான் அனுமதி கிடைச்சிருக்கு. மாசக் கடைசிக்குள்ள இவளோட பிறப்புச் சான்றிதழ் குடுக்கணுமாம். இங்கதான் பிறந்தா.”

அவள் சொன்ன தேதி, ரிக்கார்டு அக்கா ரேக்கிலிருந்து உருவிய அதே இரண்டாம் தொகுதிக்குள் வந்தது.

சூப்பிரண்டு பட்டியலை எடுத்துப் பார்த்தார். “மேல போனதா உன் கையெழுத்து இருக்கேம்மா. ரேக்குல ஏன் இல்ல?”

அவள் வாயைத் திறப்பதற்குள் ஒட்டடைக்குச்சி முந்திக்கொண்டார். “நான்தான் சார் மாத்தித் தூக்கிட்டேன் போல. எல்லா அட்டையும் ஒரே மாதிரிதானே இருக்கு.”

ஒரு நொடி அவளுக்கு நெஞ்சுக்குள் காற்று வந்தது. பின்னாட்களில் அவளை அதிகம் வதைத்தது அந்த ஒரு நொடிதான்.

“இல்ல சார். அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் மாத்தி வச்சேன்.” தையல்காரி கேட்டுக்கொண்டிருக்கவே முழுவதையும் சொன்னாள்.

தையல்காரி கத்தவில்லை. மகளின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, “அப்ப இவளுக்கு என்ன வழி?” என்று மட்டும் கேட்டாள்.

மெமோ வந்தது. பதிவறைச் சாவியை வாங்கிக்கொண்டு அவளைச் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்கு மாற்றினார்கள். வேலை முடிந்ததும் அவள் தடுப்பூசி அலுவலகத்துக்கு ஓடினாள். அது மேட்டில் இருந்த கட்டடம், தண்ணீர் தொடவில்லை. முதல் ஊசி போட்ட பேரேட்டில் தையல்காரியின் மகள் பெயர் இருந்தது. பிறந்த தேதியில் ஓர் எண் மட்டும் மங்கியிருந்தது. அன்று பிரசவம் பார்த்த, இப்போது ஓய்வில் இருக்கும் நர்சைத் தேடிப் பிடித்து வாக்குமூலம் வாங்கினாள். எல்லாம் சேர்ந்து சான்றிதழாகக் கைக்கு வந்தபோது மாதம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தையல்காரி அதை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள்.

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுக்களையில் நின்றபடியே சொன்னாள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“நான் உன்கிட்ட கேட்டேனா?”

“கேக்கல.”

“பின்ன? அந்தப் பொண்ணு உசுரோட இருக்காடி. என்னோடது போயி இருபத்து மூணு வருஷமாச்சு. இனிமே நான் அந்தப் பக்கத்தத் திறந்தா என் கண்ணுக்கு எது தெரியும்னு நெனச்சே?”

“உனக்காகத்தான்க்கா...”

“எனக்காகன்னு சொல்லாத. எனக்குத் தாங்காது.”

அதன் பிறகு பத்து நாள் அக்கா பேசவில்லை, போனை எடுக்கவில்லை. குழந்தை பிறந்த அந்தத் தேதியும் அதற்குள் வந்துபோனது; அக்கா ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

தொலைந்த தொகுதியில் நானூற்றுப் பன்னிரண்டு பிறப்புகள். ஊசிப் பேரேட்டைப் பார்த்து இருநூற்று அறுபதுக்குத்தான் விவரம் சேர்க்க முடிந்தது. மீதிக்கு வீடு வீடாகப் போய்த்தான் கேட்க வேண்டும். பழைய பிரசவ வார்டு அட்டைகளிலிருந்து முகவரிகளை ஒட்டடைக்குச்சி எடுத்துக் கொடுத்தார். “அன்னிக்கு என்னைய பொய் சொல்ல விட்டிருந்தா இந்த அலைச்சல் இல்ல” என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கிளம்பும்போது வாசலில் அக்கா நின்றிருந்தாள். குடையும் தண்ணீர் பாட்டிலும் கையில்.

“லிஸ்ட்ட இங்க குடு. நான் எழுதறேன்.”

“வெயில் ஏறிடும்க்கா.”

“குடுடி.”

முதல் வீட்டில் கதவு திறக்கவில்லை. இரண்டாவதில் ஓர் ஆள், “தொலைச்சிட்டு இப்பத் தேடி வர்றீங்களாக்கும்” என்று சத்தம் போட்டுவிட்டுத்தான் தேதியைச் சொன்னார். அடுத்த வீட்டுப் பெண் கொஞ்சமும் யோசிக்கவில்லை. கிழமை, நேரம், எடை, அழுத சத்தம் வரைக்கும் ஒப்பித்தாள். அக்கா எழுதிக்கொண்டே வந்தவள், எடை என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி ஒரு கணம் இருந்துவிட்டு மறுபடி எழுதினாள்.

தெருமுனையில் தையல்காரி எதிரே வந்தாள். தோளில் துணி மூட்டை. இவர்களைப் பார்த்ததும் நடை கொஞ்சம் தயங்கியது.

“பதில் வந்துச்சாங்க?” என்று ரிக்கார்டு அக்கா கேட்டாள்.

“இன்னும் இல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு, நிற்காமல் அவள் கடந்து போனாள்.

“இவதானா?” என்றாள் அக்கா.

“ஆமா.”

மூட்டையின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிறவளை, அவள் அடுத்த திருப்பத்தில் மறையும் வரைக்கும் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அக்கா பட்டியலைப் பிரித்து, அடுத்த வீட்டு எண்ணைப் படித்தாள்.