அணைக்கக் கூடாத கணினி

ஜூன் பதினேழு, புதன்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, ஒரு தரைத்தள வீட்டின் முன்னறையில் வீடியோ அழைப்பு அறுந்துபோனது. அதற்குச் சற்று முன்புதான் தங்கை, மின்விசிறிக்கு இடம் தேடி மேசைக்கடியில் இருந்த ஒரு பிளக்கைப் பிடுங்கியிருந்தாள்.

அப்பா அறையின் நடுவே கிடத்தப்பட்டிருந்தார். முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் அக்காவுக்கு எட்டாம் மாதம். விமானம் ஏற டாக்டர் விடவில்லை. அழைப்பு கிடைத்ததும், "அப்பாவக் காட்டுடி" என்றுதான் கேட்டாள். தங்கை கைப்பேசியைத் திருப்புவதற்குள் திரை நின்றுவிட்டது.

பிடுங்கியது எந்த பிளக் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஏதோ அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய கணினி அது. அப்பா ஆறு வருடத்துக்கு முன் தூக்கி வந்து, வீட்டுக்குள் வரும் இணையம் முழுவதும் அதன் வழியாகத்தான் வரவேண்டும் என்று கம்பி இழுத்து வைத்தார். வைரஸ், விளம்பரம் என்று கேட்காமல் வருவதையெல்லாம் அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுமாம். இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருக்கும். அம்மா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள்: ஒரு வேலையும் செய்வதாகத் தெரியாது, ஆனால் யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது. பிளக்கின் மேல் 'தொடாதே' என்று அப்பா ஒட்டிய காகிதத்தை இத்தனை வருடத்தில் எல்லோரும் பார்க்க மறந்திருந்தார்கள்.

பிளக்கைத் திரும்பச் சொருகினாள். உறுமல் வந்தது, இணையம் வரவில்லை. டிவியிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக் கணினியில் மாட்டினாள். உள்ளே பேட்டரி செத்துவிட்டது, தொடர ஒரு விசையை அழுத்தவும் என்று டிவித் திரையில் எழுத்து நின்றது. ஊரிலுள்ள லிஃப்டுக்கெல்லாம் பேட்டரி மாற்றிய மனிதர் இதற்கு மட்டும் மாற்றவில்லை. எப்போதும் ஓடுகிற கணினிக்கு எதற்கு என்று விட்டிருப்பார். அழுத்த வீட்டில் விசைப்பலகை கிடையாது.

எதிர்வீட்டுக் கணக்காளர் தன்னுடையதை எடுத்துவரப் போனார். அதற்குள் வண்டி வந்துவிட்டது. பதினொன்றுக்கு வேறொரு வீட்டுக்குப் போகவேண்டும் என்றார் டிரைவர். நான்கு பேர் குனிந்து தூக்கினார்கள்.

"உள்ள சிக்னல் எடுக்காதும்மா," என்று சித்தப்பா தங்கையிடம் தணிந்து சொன்னார். "வண்டியில ஏத்தினப்புறம் தெருவுல வச்சுக் காட்டிக்கலாம்."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வாசற்படியில் போய் நின்றாள்.

"நடுத்தெருவுலயா அவ அப்பாவப் பாக்கணும்? கீழ வைங்க."

கீழே வைத்தார்கள். டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரோரம் நின்றார்.

கணக்காளர் விசைப்பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். தங்கை விசையை அழுத்தினாள். டிவியில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஏறின. சாவுக்கு வந்த இருபது பேரும் ஒன்றும் புரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வரியில் வெகுநேரம் நின்றது. "இது எவ்ளோ நேரம்மா எடுக்கும்?" என்று சித்தப்பா கேட்டார். அதைத் தெரிந்தவர் கீழே கிடந்தார் என்பது நினைவுக்கு வந்ததுபோல் அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கையின் விரல் இன்னும் விசை மேலேயே இருந்தது. பேட்டரி செத்த கணினி, தேதி 2009 ஜனவரி ஒன்று என்று காட்டியது.

கைப்பேசி அதிர்ந்தது.

"நாந்தான்க்கா பிடுங்கிட்டேன்," என்றாள் தங்கை.

அக்காவுக்கு அது காதில் விழவில்லை. "கொஞ்சம் கிட்டக் கொண்டு போயேன்."

தங்கை மண்டியிட்டு, கைப்பேசியை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அம்மா வந்து அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். அக்கா அழவில்லை. அப்பாவுக்குச் சவரம் செய்யாம விட்டுட்டீங்களே என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

ஆறு நிமிடம் பார்த்தாள். வண்டி பத்து இருபத்தைந்துக்குக் கிளம்பியது.