குதிக்கப் பார்த்த கேஸ்

அம்முலு மேல் போட்டிருந்த கேஸ் இவ்வளவுதான்: பஞ்சாட்சரத்தின் கிணற்றில் குதித்துத் தற்கொலை செய்துகொள்ள முயன்றாள். செத்துப் போயிருந்தால் கேஸே கிடையாது. சாகாமல் நின்றதற்குத்தான் கோர்ட்டு, வக்கீல், வாய்தா எல்லாம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், தை மாதம், அந்தக் கிணற்றில்தான் அவளுடைய ஐந்து வயதுப் பையன் வேதகிரி விழுந்து செத்துப் போனான். அவள் பக்கத்துக் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அன்றையிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அவளுக்குப் பாதிதான் காதில் ஏறியது. அழவும் இல்லை. சோறு போட்டால் தின்பாள், கூப்பிட்டால் களையெடுக்கப் போவாள். போகும்போதும் வரும்போதும் அந்தக் கிணற்று விளிம்பில் கொஞ்ச நேரம் நிற்பாள்.

பஞ்சாட்சரத்தைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. பையன் செத்தபோதே போலீஸ்காரர்கள் வந்து கேள்வி கேட்டு அவர் பிராணனை வாங்கிவிட்டார்கள். தன் கிணற்றில் இன்னொரு பிணம் மிதந்தால் கதி அதோகதிதான் என்று மனுஷனுக்கு நடுக்கம். ஒருநாள் அவள் விளிம்பில் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஆள் விட்டு இழுத்து வரச் சொல்லி, ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

சேதி கேட்டு, அம்முலுவின் புருஷன் இருசப்பனுக்கு அக்காவான சிட்டம்மாள் திருமுக்கூடலிலிருந்து ஓடி வந்தாள். வந்ததும் அம்முலுவின் ஒரு வயதுக் கைக்குழந்தை மலர்க்கொடியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ண கெணத்துக்குக் குடுத்தாச்சி. இவ இதையும் தூக்கினு போயி குதிச்சா இன்னாடா பண்ணுவ? இவ குதிக்கப் பாக்கலன்னு கோர்ட்டு சொல்லட்டும். அன்னிக்கி வந்து புள்ளைய வாங்கிக்கினு போ" என்றாள் தம்பியிடம்.

இருசப்பன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அம்முலுவுக்கு இது மட்டும் முழுசாகக் காதில் விழுந்தது. ராத்திரி பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. அதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கேஸுக்கு முதல் நாள் வக்கீல் வேதாசலம் அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்னார்.

"தோ பாரும்மா. மனசுல நெனச்சா குத்தம் இல்ல. எழுந்து கெணத்தாண்ட போனாலும் குத்தம் இல்ல. அங்க நின்னு யோசன பண்ணிக்கினு இருந்தாலும் இல்ல. அதுவரைக்கும் நீ மனசு மாறித் திரும்பி வந்துடலாம் பாரு. குதிக்க ஆரம்பிச்சியா, அதத்தான் சட்டம் கேக்கும். தண்ணி மொள்ளப் போனேன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

"சரிங்க" என்றாள் அம்முலு. எவ்வளவு ஏறியதோ, அவளுக்கே தெரியாது.

கூண்டில் முதலில் பஞ்சாட்சரம் ஏறினார். "அவ குதிக்கப் பாத்தா சார். நான் கண்ணால பாத்தேன்."

"காலைத் தூக்கினாளா?" என்று வேதாசலம் கேட்டார்.

"தூக்கல. ஆனா தூக்கற மாரிதான் நின்னுக்கினு இருந்தா."

யாரோ சிரித்தார்கள். வேதாசலத்துக்குப் பாதி கேஸ் ஜெயித்த தெம்பு வந்துவிட்டது. அடுத்து மாஜிஸ்திரேட் அம்முலுவைப் பார்த்துக் கேட்டார். தெற்கத்திக்காரர், நிதானமாகப் பேசுகிறவர்.

"ஏம்மா, நீ கிணத்துல குதிக்கப் பார்த்தியா?"

"பாத்தேன் சாமி."

வேதாசலம் தலையில் அடித்துக்கொண்டார். நம் தமிழில் இந்தப் 'பார்' இருக்கிறதே, அதைப் போலப் பொல்லாத வார்த்தை கிடையாது. தனியாக நின்றால் கண்ணோடு போச்சு. முன்னால் 'குதிக்க' என்று ஒன்று ஒட்டிக்கொண்டால் ஓராண்டு ஜெயில். அந்த ஒட்டுத்தான் அம்முலுவின் காதில் ஏறவில்லை. கிணறு என்றார், பார்த்தாயா என்றார். அவளும் சொல்லிவிட்டாள்.

"எத்தனை தடவை?"

"டெய்லியும் பாக்கறேன் சாமி. கழனிக்குப் போறப்ப ஒருவாட்டி, வர்றப்ப ஒருவாட்டி."

குமாஸ்தா மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்ற இருசப்பன் கண்ணை மூடிக்கொண்டான். மாஜிஸ்திரேட்டுக்கு என்னவோ உறுத்தியது போலிருக்கிறது. குமாஸ்தாவைக் கையமர்த்தினார்.

"என்னத்தைம்மா பார்த்தே?"

"தண்ணியத்தான். எம்புள்ள அதுலதான கெடந்தான்."

மாஜிஸ்திரேட் மேஜைமேல் சற்று முன்னால் சாய்ந்தார்.

"நீயும் விழுந்துடலாம்னு தோணுச்சா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"தோணும் சாமி. ஒரு நாளைக்கித் தோணும், ஒரு நாளைக்கித் தோணாது. அதுக்கும் கேஸா?"

அதற்குக் கேஸ் இல்லை. தோன்றியது குற்றமில்லை, நின்றதும் குற்றமில்லை, அதற்குமேல் அவள் எதையும் ஆரம்பிக்கவில்லை என்று சொல்லி அவளை விடுதலை செய்தார். வேதாசலம் என்னவோ தான் வாதாடி ஜெயித்த மாதிரி இருசப்பனின் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அப்படியே பஸ் பிடித்துத் திருமுக்கூடல் போனார்கள். இருசப்பன் நடந்ததைச் சொல்லி முடித்தும் சிட்டம்மாள் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

"கோர்ட்டு சொல்லிட்டா ஆச்சா? கோர்ட்டுக்கு இன்னா, அது போயி நாஷ்டா துன்னும். ஒனக்கு இன்னிக்கித் தோணல, நாளைக்கித் தோணிச்சின்னா?" என்றாள் அம்முலுவிடம். குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இனிமே அந்தக் கெணத்தாண்ட போவமாட்டேன்னு இந்தப் புள்ள தலமேல கைய வெச்சிச் சொல்லு. சொல்லிட்டுத் தூக்கினு போ."

பிள்ளை தலைமேல் கை வைத்துச் சொல்லிவிட்டு அதை மீறுகிறவள் அந்தப் பக்கத்தில் எவளும் இல்லை. அம்முலு வெகுநேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எண்ணெய் தடவின அந்தச் சின்னத் தலைமேல் கையை வைத்தாள்.

"போவமாட்டேன் அண்ணி."

சிட்டம்மாள் குழந்தையைக் கொடுத்தாள். அது உடனே அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. அம்முலு அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். நாளைக்குக் கழனி வேலை விட்டதும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், வேதகிரி மட்டும் அந்தக் கிணற்றில் தனியாக இருப்பானே என்று நினைத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.