மூடி போட்ட பிறகு

“அக்கா, இது எந்த வருஷத்து அறுவடை?”

“ஏன், அரிசி நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. வருஷம் தெரியணும்.”

மணப்பெண்ணின் அம்மா ஹோசியத் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முந்நூறு பேருக்குப் பலாவ் ஆக்க வந்தவனுக்கு அரிசியைப் பார்த்ததுமே தெரிய வேண்டாமா? இந்த நூர்மத் ஒரு மணியைக் கடிக்கிறான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான், பிறகு அவளையே கேட்கிறான்.

“போன வருஷத்துதுன்னு கடைக்காரன் சொன்னான்.”

“சரி.”

அவ்வளவுதான். கவலைப்படாதீங்க என்று ஒரு வார்த்தை வரவில்லை.

மூத்த மகள் கல்யாணத்துக்கு வந்த சமையல்காரன் மந்திரி வீடுகளுக்கெல்லாம் ஆக்கியவன் என்று மார்தட்டினான். இறக்கி வைத்ததோ களி. உஸ்பெக் நகரமான மார்கிலானில் அவர்கள் தெரு இன்னும் அதைக் களிக் கல்யாணம் என்றுதான் சொல்கிறது. மூத்தவளின் மாமியார் சண்டை வரும்போதெல்லாம் அதைத்தான் இழுக்கிறாள். இன்று இளையவள் ஸெபோவின் முறை. மத்தியானம் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் வந்து உட்காருவார்கள். அந்தப் பெயரை இவளும் சுமந்துகொண்டு போகக் கூடாது.

கொழுந்தன் சோபிர் காதருகே வந்தான். “அண்ணி, இவன் வாயே திறக்க மாட்டேங்கறான். விஷயம் தெரிஞ்சவன் இப்படியா இருப்பான்? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் கண்ணை மூடிக்கிட்டே ஆக்குவான்.”

“போன தடவை நீ கூட்டிட்டு வந்தவனும் அப்படித்தான் ஆக்கினான்.”

கொழுந்தன் வாயை அடைத்துவிட்டாளே தவிர, சந்தேகம் அவளைவிட்டுப் போகவில்லை. கேரட் அரிந்தபோது போய் நின்றாள். எண்ணெய் காய்ந்தபோது போய் நின்றாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திமிரா, பயமா?

அரிசி போட்டுத் தண்ணீர் சுண்டியதும் நூர்மத் கரண்டி நுனியில் நாலு பருக்கை எடுத்துக் கடித்தான். அடியிலிருந்து இன்னும் நாலு எடுத்துக் கடித்தான்.

“அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன். இதுல ரொம்பப் பழைய அரிசியும் கலந்திருக்கு. மேலாக எடுத்துக் கடிச்சேன், சாக்கோட அடியிலயும் பார்த்திருக்கணும். பழசுக்குத் தண்ணி கூட வேணும், இன்னும் வெந்நீர் விட்டுத் தம்மில் வைக்கணும். முக்கால் மணி நேரம் தள்ளும்.”

இவனுமா? ஹோசியத் அவன் முகத்தைத் துருவிப் பார்த்தாள். கெஞ்சல் இல்லை. பழியைக் கடைக்காரன் தலையில் போடவும் இல்லை. காலையில் வருஷம் கேட்ட அதே குரல்.

வெந்நீர் விட்டான். அரிசியைக் கூட்டிக் குவித்து மூடி போட்டு விளிம்பைத் துணியால் சுற்றினான். வாசலில் கார்களின் ஹாரன் கேட்டது.

“வந்துட்டாங்கய்யா! மூடியைத் திறந்து பாரு, வெந்திருந்தா இறக்கிடலாம்,” என்று சோபிர் குதித்தான்.

“திறக்க மாட்டேன்.”

“அப்போ நான் திறக்கறேன்.”

“திறங்க. ஆனா கரண்டியையும் நீங்களே வச்சுக்கோங்க. நான் போய் டீ குடிக்கறேன்.”

கோபமே இல்லாமல் சொன்னான். சோபிரின் கை மூடிவரை போய் நின்றது. “எனக்கென்ன? சும்மா சொன்னேன்.”

ஹோசியத் பார்த்துக்கொண்டே இருந்தாள். மந்திரி வீட்டுச் சமையல்காரன் யார் கேட்டாலும் சிரித்துக்கொண்டே திறந்து காட்டினான், “பாருங்க, முத்து முத்தா!” என்று. நாலு தடவை ஆவி போயிற்று, சோறு களியாயிற்று. அந்தச் சிரிப்பைத்தான் அன்றைக்குத் தைரியம் என்று நம்பினாள்.

வாசலுக்குப் போனாள். மாப்பிள்ளையின் பெரியப்பா சுரத் தாடியை நீவினார். “என்ன சம்பந்தியம்மா, வாசனையையே காணோம்? மறுபடியும் களியா?” பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

கறிக்காரன் வரவில்லை, விறகு ஈரம் என்று இரண்டு பொய்கள் நாக்கிலேயே நின்றன.

“பலாவுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். அரிசியில பழசு கலந்திருக்கு, நான் பார்த்து வாங்கலை. அதுவரைக்கும் ரொட்டியும் டீயும் இருக்கு. உள்ளே வாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. “பழைய அரிசியா? அது நல்லா எண்ணெய் இழுக்குமே,” என்று செருப்பைக் கழற்றினார் சுரத்.

நேரம் ஆனதும் அடுப்படியிலிருந்து நூர்மத் குரல் கொடுத்தான். “அக்கா, திறக்கப் போறேன், வந்து பாருங்க!”

“நீங்களே திறங்க,” என்றாள் ஹோசியத், டீ ஊற்றிக்கொண்டே. “இங்க எனக்கு வேலை இருக்கு.”

தட்டுகள் வந்தன. உதிரி உதிரியாக இருந்த சோற்றைச் சுரத் கையால் அள்ளிச் சாப்பிட்டார், இரண்டாம் தட்டுக்குக் கை நீட்டினார். பக்கத்துப் பந்தியில் சோபிர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: “பழைய அரிசிதான் வேணும்னு அண்ணிகிட்ட ஒத்தைக்கால்ல நின்னதே நான்தான்.”