அல்பேர்ட்டின் பாம்பு ஆடிய மாதம்

அல்பேர்ட் கனடாவிலுள்ள தங்கை வீட்டுக்கு மூன்று மாதம் போனபோது தன் இரண்டு பாம்புகளையும் செல்வரட்ணத்திடம் விட்டுவிட்டுப் போனான். செல்வரட்ணம் அவனுக்கு அவ்வளவு நெருக்கம் என்று சொல்ல முடியாது. மற்றவர்கள் கண்ணாடிப் பெட்டியைக் கண்டதும் கதவைச் சாத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

இருவரும் ஹம்பேர்க்கில் ஒரே வேலை செய்பவர்கள். அடுக்குமாடி வீடுகளில் லிஃப்ட் பழுது பார்ப்பது. ஒரு பொருள் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் அதற்குப் பக்கத்தில் நிம்மதியாக உட்கார செல்வரட்ணத்தால் முடியாது. வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்ததுமே கேள்விகளைத் தொடங்கிவிட்டார்.

"விசமில்லைத்தானே?"

"இல்லை மச்சான். கடிச்சாலும் ரோசா முள்ளுக் கீறின மாதிரித்தான். ஆனா முரட்டுத்தனமாத் தூக்கினா ஒரு நாத்தம் விடும். போட்டிருக்கிற சேட்டைக் கழட்டித் தோய்ச்சாலும் போகாது."

"என்ன சாப்பாடு?"

"மண்புழு. தூண்டில் சாமான் விக்கிற கடையிலை டப்பாவிலை வரும். பிரிட்ஜிலை வை. வெளியிலை வச்சாச் செத்துப்போம்."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "எந்தப் பிரிட்ஜிலை?" என்று செல்வரட்ணத்தின் மனைவி மல்லிகா கேட்டாள். அந்த வீட்டில் ஒரு பிரிட்ஜ்தான் இருந்தது.

அல்பேர்ட் சப்பாத்தைப் போட்டுக்கொண்டான். வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, "பெரியவளைக் கவனமாப் பார் மச்சான். ஆறு வருசமா என்னோடை இருக்கிறாள். வேலை முடிஞ்சு வீட்டை போனா, என்னைக் கண்டு அசையிறது அது ஒண்டுதான்" என்றான். அல்பேர்ட் கலியாணம் செய்யாதவன். செல்வரட்ணம் அவன் கையைப் பிடித்து, "நீ வரேக்கை அப்பிடியே இருக்கும்" என்று வாக்குக் கொடுத்தார்.

அந்தப் பாம்புக்கு ஜேர்மன் மொழியில் வைத்திருக்கும் பெயரைத் தமிழாக்கினால் காலுறைவார்ப் பாம்பு என்று வரும். முன்பெல்லாம் ஆண்கள் காலுறை நழுவாமலிருக்க முழங்காலுக்குக் கீழே ஒரு வார் கட்டுவார்கள். கறுப்பு உடம்பில் நீளவாக்கில் ஓடும் மஞ்சள் கோடுகள் அந்த வாரை நினைவுபடுத்துமாம். அமெரிக்காவில் இது வீட்டுத் தோட்டங்களில் ஓடித் திரிகிற சாதாரணப் பாம்பு. பெண் பெரியது, ஆண் சிறியது. முட்டையிடாது, குட்டி போடும். பகலில் விழித்திருக்கும், பார்த்துக்கொண்டிருக்க வசதியான பாம்பு.

செல்வரட்ணம் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் ஒளிந்துகொள்ள மரப்பட்டையாலான மூன்று குகைகள் இருந்தும் இரண்டும் எப்போதும் ஒன்றுக்குள்தான் சுருண்டு கிடந்தன. தனியாக இருக்கப் பிடிக்காத பாம்புகள் உண்டென்று அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. நாக்கு நீட்டுவது மணம் பிடிக்கத்தான் என்றும், காற்றிலிருந்து நாக்கில் ஒட்டுவதை வாய்க்குள் மேலண்ணத்தில் ஓர் உறுப்பு வாசித்துவிடுகிறதென்றும் நூலகத்துப் புத்தகத்தில் படித்தார். நாக்கு ஏன் இரண்டாகப் பிளந்திருக்கிறது? இடது நுனியில் மணம் கூடுதலாக இருந்தால் இரை இடப்பக்கம். நமக்கு இரண்டு காது இருப்பது போலத்தான். இதை மல்லிகாவுக்கு விளக்கியபோது அவள், "உதுகளும் நீங்களும் நாக்கை நீட்டி நீட்டி ஒரே கதையைத்தான் சொல்லுறியள்" என்றாள்.

தீனி போடும்போது சின்னதைப் பிடித்து ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் தனியாக விடவேண்டும். இல்லாவிட்டால் ஒரே புழுவை இரண்டும் இரண்டு முனையில் விழுங்கத் தொடங்கி நடுவில் சந்தித்துக்கொள்ளும். பாம்பின் பற்கள் உட்பக்கம் சாய்ந்தவை. கவ்வியதை விடுவது கடினம். பெரியது அப்படியே சின்னதையும் விழுங்கிவிடக்கூடும். இதில் பகை எதுவும் இல்லை. அந்த வாய் அப்படி அமைந்திருக்கிறது.

புழு டப்பா பிரிட்ஜில் இருந்தது ஒரு கிழமைதான். ஒரு வெள்ளிக்கிழமை, விரத நாளில், மல்லிகா சம்பல் டப்பா என்று நினைத்து அதைத் திறந்துவிட்டாள். அவள் சத்தம் போடவில்லை. மூடியைத் திரும்பப் போட்டாள், பிரிட்ஜை வெறுமையாக்கினாள், எல்லாத் தட்டுகளையும் கழற்றி மஞ்சள் தண்ணீரில் கழுவினாள். பிறகு கணவனைக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ. ஒண்டில் புழு, இல்லாட்டி நான்."

"பாம்பு என்னத்தைத் தின்னிறது?"

"மனுசர் தின்னிறது எதையாவது குடுங்கோ. மீன் தின்னாதோ?"

தின்னும். அதையும் புத்தகத்தில் படித்திருந்தார். அது மாசி மாதக் கடைசி. வருடத்தின் அந்தப் பருவத்தில் எல்பே ஆற்றில் ஸ்டின்ட் என்ற சின்ன மீன் கூட்டமாக ஏறி வரும். விரல் நீளம், வெள்ளி நிறம். ஹம்பேர்க் சனம் மாவில் புரட்டி முழுசாகப் பொரித்துச் சாப்பிடும். இங்குள்ள யாழ்ப்பாணத்தாருக்கு அது நெத்தலிக்கு நெருங்கிய சொந்தம். மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டி மொறுமொறுவென்று பொரித்தால் கேள்வியே இல்லை. செல்வரட்ணம் ஞாயிற்றுக்கிழமை மீன்சந்தையில் ஒரு பெட்டி வாங்கி வந்தார். பாதி வாணலிக்கு, பாதி பாம்புக்கு. பாம்பின் பங்கை மல்லிகாவே துண்டு துண்டாக வெட்டி உறைபெட்டியில் அடுக்கிக் கொடுத்தாள். மீன் வீட்டுக்குள் வரத் தகுதியுள்ள பொருள்.

பாம்புகள் புழுவை மறந்தன. பெரியவள் கிண்ணம் வைக்கும் சத்தத்துக்கே தலையை நீட்டத் தொடங்கினாள். சின்னது அரை மனதாகத் தின்றது.

சித்திரை பிறந்த கிழமையில் பெரியவள் ஆடினாள்.

முதலில் பார்த்தது மல்லிகா. உடம்பின் முன்பாதியைத் தரையிலிருந்து உயர்த்தி, முகத்தை மேலே திருப்பி, இடமும் வலமுமாக மெல்ல அசைந்துகொண்டிருந்தது. மல்லிகா சாமியறையில் போட்டிருந்த சாம்பிராணிப் புகை அப்போது வரவேற்பறை வரை வந்திருந்தது. அவள் கைகூப்பினாள். மாலையில் செல்வரட்ணம் வந்ததும், "உது சும்மா பாம்பில்லை" என்றாள்.

அவர் அதை நம்பவில்லை. அவருக்கு அவருடைய விளக்கம் இருந்தது. இளவேனிலில் இந்த இனம் சோடி சேரும்; அந்தக் காலத்தில் சுறுசுறுப்புக் கூடும் என்று புத்தகம் சொன்னது. அதனால் ஆடுகிறது. இரண்டு விளக்கங்களும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருந்தன.

அடுத்த வெள்ளி, கோயிலில் பூக்கட்டும் அன்னப்பிள்ளை அக்கா கிண்ணத்தில் பாலோடு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். பெரியவள் ஆடினாள். அன்னப்பிள்ளை அக்கா கண்ணை மூடித் திறந்து, "அம்மாள்தான்" என்றார்.

"இது அல்பேர்ட்டின்ரை பாம்பு, அக்கா," என்றார் செல்வரட்ணம். "அவன் வேதக்காரன்."

"அவன் வேதக்காரன். பாம்பு என்ன, ஞானஸ்நானம் எடுத்ததோ?"

பாம்பு பால் குடிக்காது என்பதை மட்டும் செல்வரட்ணம் விளக்கினார். பாலைப் பெட்டிக்கு வெளியே வைத்தார்கள்.

மல்லிகா மாறிப்போனாள். புழுவுக்காக வீட்டைவிட்டுப் போக இருந்தவள், இப்போது பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துப் பக்கத்தில் விளக்கேற்றினாள். ஆடிய நாளில் இரண்டு மீன் கூடுதலாகக் கொடுத்தாள். "ஆடிக் களைச்சிருக்கும், பாவம்." இரண்டு வெள்ளி கழித்து, பக்கத்து நகரமான பிரேமனிலிருந்து ஒரு குடும்பத்தைக் கூட்டி வருவதாக அன்னப்பிள்ளை அக்கா சொல்லிவிட்டிருந்தார். மகன் பாஸ்கரனுக்கு நாகதோசம், கலியாணம் தட்டித் தட்டிப் போகிறதாம். பாம்பு ஆடும்போது அவன் கும்பிட்டால் தோசம் கழியுமாம்.

அதற்கு முந்திய புதன்கிழமை செல்வரட்ணம் வேளைக்கே வீட்டுக்கு வந்தார். மல்லிகா வேலையில். வீட்டில் சாம்பிராணி இல்லை, விளக்கு இல்லை, கும்பிட ஆளில்லை. பெரியவள் ஆடிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஏதோ இடித்தது. போன மாதம் பத்தாம் மாடியில் ஒரு லிஃப்ட், யாரும் அழைக்காமலே கதவைத் திறந்து திறந்து மூடியது. அங்கிருந்தவர்கள் பேய் என்றார்கள். உள்ளே ஒரு இணைப்பு தளர்ந்திருந்தது. லிஃப்ட் புதிதாக ஒரு வேலையையும் கற்றுக்கொள்வதில்லை. இருந்த வேலை ஒன்றை இழக்கிறபோதுதான் இப்படியெல்லாம் செய்யும்.

சின்னதை எடுத்து டப்பாவில் விட்டு, மீன் துண்டொன்றை இடுக்கியால் நீட்டினார். பெரியவள் பாய்ந்தாள். வாய் இரண்டு விரல் தள்ளிக் காற்றைக் கவ்வியது. மறுபடியும் பாய்ந்தாள், மறுபடியும் அதே பக்கம் தவறினாள். பிறகு முதுகுப்புறமாக விழுந்தாள். வெளிர்ந்த வயிறு மேலே தெரிய அப்படியே கிடந்தாள். பாம்பைப் புரட்டிப் போட்டால் கண்மூடித் திறக்குமுன் திரும்பிவிடும்; எது மேல், எது கீழ் என்று அதற்கு யாரும் சொல்லத் தேவையில்லை. இவளுக்கு அது தெரியாமல் போயிருந்தது.

வாசலில் அல்பேர்ட்டின் கையைப் பிடித்தது அவருக்கு நினைவு வந்தது.

ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியரிடம் தொலைபேசியில் கேட்டார். டெர்மீன், அதாவது பார்ப்பதற்கான நேரம், அடுத்த கிழமைதான் என்றார்கள். வயிறு மேலே கிடக்கிறது என்றார். உடனே கொண்டுவரச் சொன்னார்கள். தலையணை உறைக்குள் விட்டு முடிந்து, ஜக்கெட்டுக்குள் வைத்து, எஸ்-பான் ரயிலில் போனார். எதிரே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர், செல்வரட்ணத்தின் நெஞ்சு தானாக அசைவதைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கத்தைப் புரட்டினார்.

வைத்தியர் நடுவயதுப் பெண். பாம்பை மேசையில் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். "என்ன தீனி?"

"ஸ்டின்ட்."

"மட்டுமா?"

"மட்டும்தான். நாங்களும் சாப்பிடுகிறோம்."

"பச்சையாகவா?"

செல்வரட்ணம் யோசித்தார். "பொரித்து."

வைத்தியர் ஊசியை எடுத்துக்கொண்டே விளக்கினார். விளக்கம் கேட்பதில் செல்வரட்ணம் நல்ல மாணவர். ஸ்டின்ட் போன்ற சில மீன்களின் உடம்பில் ஒரு நொதியம் உண்டு. அது வைட்டமின் பி ஒன்றைச் சிதைத்துவிடும். நரம்புகள் வேலை செய்ய அந்த வைட்டமின் வேண்டும். எண்ணெய்ச் சூட்டில் நொதியம் அழிந்துவிடும், குளிரில் அழியாது. ஆகவே பொரித்துத் தின்பவர்களுக்கு ஒன்றும் இல்லை. உறைபெட்டியிலிருந்து எடுத்து அப்படியே தின்கிற பாம்புக்கு, மீன் கூடக் கூட நரம்பு கெடும். தலை மேலே திரும்பும், உடம்பு அசையும், குறி தவறும். கடைசியில் வலிப்பு வந்து செத்துப்போகும்.

"எத்தனை நாளாக இப்படி அசைகிறது?"

"மூன்று கிழமை."

"மூன்று கிழமையாக நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"கும்பிட்டார்கள்," என்றார் செல்வரட்ணம். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வைத்தியர் வைட்டமின் ஊசி போட்டு, அடுத்த நாட்களுக்கும் மருந்து கொடுத்தார். இனி மண்புழு. தானாகப் பாய்ந்து குறி தவறாமல் கவ்வினால் பிழைத்துவிடும் என்றார். கவ்வாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை.

வீட்டில் மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கதிரையில் உட்கார்ந்தாள்.

"நான் கூடக் கூடக் குடுத்தனானே," என்றாள். "களைச்சிருக்குமெண்டு."

"எனக்கும் தெரியாதுதானே."

அவள் எழுந்து போய் உறைபெட்டியிலிருந்த ஸ்டின்ட் எல்லாவற்றையும் எடுத்துக் குப்பையில் போட்டாள். தங்கள் பங்கையும் சேர்த்து. புழு டப்பாவை எங்கே வைப்பது என்று செல்வரட்ணம் கேட்கவில்லை. பால்கனியில் நிழலில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை பிரேமன்காரர் வந்தார்கள். தாய், தகப்பன், பாஸ்கரன். முன்னால் அன்னப்பிள்ளை அக்கா, பாலோடு. பெரியவள் குகைக்குள் சின்னதோடு சுருண்டு கிடந்தாள். தலை தரையில் இருந்தது. அசைவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். செல்வரட்ணமும் காத்திருந்தார், ஆனால் வேறொன்றுக்கு. வியாழன் முழுவதும் அவள் புழுவைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஏன் ஆடேல்லை?" என்றார் அன்னப்பிள்ளை அக்கா.

"அது ஆட்டமில்லை அக்கா. வருத்தம். மருந்து குடுத்திருக்கு."

அன்னப்பிள்ளை அக்கா பிரேமன்காரரைப் பார்த்தார், பாலைப் பார்த்தார், பிறகு செல்வரட்ணத்தைப் பார்த்தார். "அந்த மருந்தை ஒரு மூண்டு நாள் பிந்திக் குடுத்திருக்கலாமே, தம்பி."

"செத்திருக்கும், அக்கா."

அப்போது பெரியவள் குகையைவிட்டு வெளியே வந்தாள். நாக்கை நீட்டினாள். இடம், வலம், மறுபடி இடம். மணம் தேடுகிறாள் என்று செல்வரட்ணத்துக்கு விளங்கியது. அந்த இடத்தை விட்டு எழுந்து போகவும் பயமாக இருந்தது.

"மல்லிகா," என்றார் திரும்பாமலே. "பால்கனியிலை..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. பால்கனிக் கதவு திறந்து மூடியது. அவர் முன்னால் ஒரு கை புழு டப்பாவை நீட்டியது. மூடி ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. மல்லிகா முகத்தை மற்றப் பக்கம் திருப்பியிருந்தாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா," என்றார் அன்னப்பிள்ளை அக்கா.

"வேதக்காரன் வீட்டுப் பாம்புதானே, அக்கா," என்றார் செல்வரட்ணம்.

"வேதக்காரரும் வெள்ளியிலை இறைச்சி தொடமாட்டினம், தம்பி. மீன்தான்."

செல்வரட்ணம் சின்னதை எடுத்து ஐஸ்கிரீம் டப்பாவில் விட்டு, அதைப் பாஸ்கரனின் கையில் கொடுத்தார். பாஸ்கரன் அதை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிடுகிற உயரத்தில் பிடித்தான். இடுக்கியில் புழு நெளிந்தது. பெரியவள் பார்த்தாள். நாக்கு ஒருமுறை வெளியே வந்து போனது. பாய்ந்தாள். நேராக, புழுவின் நடுவில்.

செல்வரட்ணம் மூச்சை விட்டார். "பிடிச்சிட்டுது," என்றார். பிறகு வந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, அவர்களுக்கு விளங்கவில்லையோ என்று எண்ணி, "முதல் பாய்ச்சலிலையே. இடுக்கி இருந்த இடத்தைக் கண்டனீங்களோ? ஒரு மயிரிழை பிசகேல்லை" என்று விளக்கினார்.

"உதைப் பாக்கவோ பிரேமனிலையிருந்து வந்தனாங்கள்?" என்றார் பாஸ்கரனின் தகப்பன்.

பாஸ்கரன் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தான். "அப்பா, கொஞ்சம் பொறுங்கோ. இந்தச் சின்னதுக்கு எப்ப குடுப்பியள், அண்ணை?"

"அவள் விழுங்கி முடியட்டும்," என்றார் செல்வரட்ணம், மிக மகிழ்ச்சியோடு. "ஏனெண்டா, பல்லு உள்ளுக்குச் சாய்ஞ்சிருக்கு. சொல்லுறன் கேளுங்கோ."

அவர் சொல்லத் தொடங்கினார். மல்லிகா அன்னப்பிள்ளை அக்காவின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "பாலைத் தாங்கோ அக்கா. எல்லாருக்கும் தேத்தண்ணி போடுவம்."

அவர்கள் போன பிறகு பெட்டிக்குள் இரண்டும் ஒரே குகையில் சுருண்டு கிடந்தன. செல்வரட்ணம் புழு டப்பாவை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போனார்.

"நாளைக்கு வெயில் எறிக்குமாம்," என்றாள் மல்லிகா சமையலறையிலிருந்து. "அங்கை வச்சாச் செத்துப்போம். நாளையிலையிருந்து பிரிட்ஜிலை வையுங்கோ."

அவர் பால்கனிக் கதவில் கைவைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"கீழ்த்தட்டிலை," என்றாள். "சம்பலுக்குப் பக்கத்திலை வேண்டாம். வெள்ளியிலை மட்டும் திரும்பப் பால்கனி."