வெந்நீர்ப் பை

"வலி எப்போ ஆரம்பிச்சுது?" என்று டாக்டரம்மா கேட்டதும் தையல்காரன் யோசிக்கவே இல்லை. "வயசுக்கு வந்த நாள்லேருந்தே அவளுக்கு இருக்கு மேடம்," என்றான்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "நான் நெஞ்சு வலியைக் கேக்கறேன்."

"நெஞ்சுன்னு அவ சொல்லவே இல்லையே. முதுகு பிடிக்குது, குமட்டுதுன்னா. எப்பவும் அப்படித்தான்..."

மனைவியின் வலி விஷயத்தில் அவன் கெட்டிக்காரன். கல்யாணமான புதிதில், மாதவிலக்கு நாளில் அவள் தரையில் சுருண்டு கிடந்ததைப் பார்த்துப் பதறிப்போனவன்தான். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியேயும் படர்ந்து புண்ணாகிறது என்பதைப் பல வருஷ அலைச்சலுக்குப் பிறகுதான் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். அதுவரை, பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கறதுதான் என்று அவன் அம்மா முதற்கொண்டு எல்லோரும் சொன்னார்கள். அவன் மட்டும் சொல்லவில்லை. கடையில் மிஞ்சிய மெத்துமெத்தென்ற துணியில் வெந்நீர்ப் பைக்கு உறை தைத்து, புரண்டு படுத்தாலும் நழுவாதபடி இருபுறமும் நாடா வைத்தான். "வெந்நீர் மந்திரி வந்தாச்சா?" என்று அந்த வலியிலும் அவள் கிண்டல் செய்வாள். அவனுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

இன்று காலையும் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் சட்டையை நழுவவிட்டு, முகமெல்லாம் வேர்த்து, கடைக்குப் பின்னாலிருந்த கட்டிலில் சாய்ந்தாள். வழக்கமான மாத்திரையைக் கொடுத்துப் பையை வயிற்றில் வைத்தான். அவள் அதை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அங்க இல்லம்மா, வயித்துலயே இருக்கட்டும்," என்று கீழே இறக்கினான். அவள் மறுபடியும் மேலே தள்ளினாள். இந்த முறை நாடாவை இடுப்போடு இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டான். அதன் பிறகு அவள் கை அசையவில்லை. வலி விட்டுவிட்டது, தூங்கட்டும் என்று மிஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து எழுப்பிப் பார்த்தபோது அவள் கண் திறக்கவில்லை; அப்படியே அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான்.

"அந்த நோய்ல உள்ளுக்குள்ள அழற்சி வருஷக்கணக்கா புகைஞ்சுக்கிட்டே இருக்கும். ரத்தக் குழாயையும் அது பாதிக்கலாம். இதயத்தையும் பாத்துக்கணும்னு யாரும் சொல்லலையா?" என்றார் டாக்டர்.

"வயித்து வியாதின்னுதான் மேடம் சொன்னாங்க."

"கொஞ்சம் முன்னாடியே..." என்று ஆரம்பித்தவர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மூச்சு மிஷின்ல வச்சிருக்கோம். இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது."

அவள் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் என்ன, இரண்டு முறை கையால் காட்டினாளே. பாவி, நான்தானே அந்தக் கையை விலக்கிப் பையைக் கீழே கட்டிப்போட்டேன் என்று நினைத்தான்.

நர்ஸ் அவளுடைய வளையலையும் செருப்பையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். வெந்நீர்ப் பையும் அதில் இருந்தது. முடிச்சை அவிழ்க்க நேரமில்லாமல் நாடாவைக் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, நூல் பிரிந்த முனைகளை விரலால் முறுக்கிக்கொண்டே இருந்தான். பையில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. அதை மெல்ல நெஞ்சுவரை உயர்த்தி, அங்கேயே பிடித்துக்கொண்டான்.