அண்ணிக்கு வாசனை போன கோடை

அந்தக் கோடையில் என் அண்ணி ஐலா ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. படகுத்துறைக்குப் போவாள், தார் பூசிய பலகையைக் குனிந்து முகர்வாள், மறுபடி அடுப்படிக்கு ஓடுவாள். ஏரிக்கரையில் அந்தச் சாப்பாட்டுக் கடையை அண்ணன் தைஸ்தோவும் அவளும் வசந்தத்தில்தான் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். பள்ளிக்கூட விடுமுறையில் பரிமாற வந்திருந்த நான், புதுக் கடைப் பதற்றம் என்றே நினைத்தேன்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மதியம். ஒரு பெரியவருக்கு எண்பதாவது பிறந்தநாள், முப்பது பேர் விருந்து. கேட்டது சீகா மீன். காலையில் வலையிலிருந்து வந்த ஏரி மீன். அதை ரை என்ற தானியத்தின் மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்து, மேலே பொன்னிறமாகக் காய்ந்த வெண்ணெயை ஊற்றி, சதகுப்பை இலையை அள்ளித் தூவுவாள் அண்ணி. அந்த வெண்ணெய்க்காகவே அவளைத் தேடி வருவார்கள்.

முதல் எட்டுத் தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தேன். பெரியவர் ஒரு வாய் தின்றுவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவர் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கரிஞ்சிருக்கும்மா. அப்பா மரியாதைக்குப் பேசாம இருக்காரு."

தட்டுகளோடு உள்ளே ஓடினேன். நான்கு வாணலிகள் புகைந்துகொண்டிருந்தன. அண்ணி ஒன்றின் மேல் முகத்தைக் கவிழ்த்து நின்றிருந்தாள். வெண்ணெய் கறுத்துக் கிடந்தது.

"அண்ணி, கரியுது!"

"கரியுதா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

தட்டுகளைக் கீழே வைத்தேன். "உங்களுக்கு வாசனை தெரியலையா?"

"மே மாசம் காய்ச்சல் வந்துச்சே, அதோட போயிருச்சு." கைகளை மேலாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "கண்ண வச்சே சமாளிச்சேன். செவுள் சிவப்பா இருந்தா புது மீனு. வெண்ணெய்க்கு நிறம். இன்னைக்கு நாலு அடுப்பு, கண்ணு பத்தல. உன் அண்ணன்கிட்ட சொல்லிராத. என் கைய நம்பித்தான் இந்தக் கடையவே எடுத்தாரு."

கதவு திறந்தது. "என்ன நடக்குது இங்க? எல்லாரும் வெறும் மேசைய பாத்துட்டு உக்காந்திருக்காங்க!" என்றான் அண்ணன்.

"அடிப்பிடிச்சிருச்சுண்ணா. வேற வைக்கிறோம், நீ போ" என்றேன்.

அவன் போனதும் அவள் பின்வாசல் பக்கம் நகர்ந்தாள். நான் குறுக்கே நின்றுகொண்டேன். "நான் மூக்கு, நீங்க கை. வாங்க."

முட்டை அவிக்கக்கூடத் தெரியாதவள் நான். ஒரே ஒரு வாணலியை வைத்தோம்.

"பால் வாசனை வருது."

"இன்னும் நேரமிருக்கு."

"இப்ப ஏதோ கொட்டை வறுக்கற மாதிரி..."

"நல்லா சொல்லுடி! வறுக்க ஆரம்பிச்ச மாதிரியா, வறுத்து முடிச்ச மாதிரியா?"

"எனக்கு எப்படித் தெரியும்? எடுங்க, எடுங்க!"

எடுத்தாள். பொன்னிறம். இருவரும் மூச்சு விட்டோம், அடுத்ததை வைத்தோம். ஐந்தாவது வாணலியை நான் வாய் திறப்பதற்குள்ளேயே இறக்கிவிட்டாள்.

"சடசடன்னு பொரியற சத்தம் அடங்குச்சு பாரு, அப்ப எடுக்கணும். கேக்கல உனக்கு?"

கேட்கவில்லை. வாணலி வாணலியாக அவள் என்னைக் கேட்பதை நிறுத்தினாள்.

பெரியவர் தட்டில் மிச்சமிருந்த வெண்ணெயை ரை ரொட்டியால் வழித்துத் தின்றுவிட்டு, சமைத்தவரைக் கூப்பிடச் சொன்னார். அண்ணி மாட்டேன் என்றாள். அடுப்படியில் நாலு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பிறகு விறுவிறுவென்று வெளியே போய் அவர் முன்னால் நின்றாள்.

"முதல்ல வந்தது கரிஞ்ச மீனுங்க. எனக்கு வாசனை தெரியாது. ரெண்டு மாசமாச்சு. மன்னிச்சுக்கோங்க."

அண்ணன் கையில் தட்டுகளோடு அப்படியே நின்றுவிட்டான். பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப ரெண்டாவது எப்படி வந்துச்சு?"

"காதுல கேட்டு."

"அப்ப இன்னும் ரெண்டு துண்டு கேட்டு எடுத்துட்டு வாம்மா" என்றார்.

விருந்தாளிகள் போனபிறகு அண்ணன் பாத்திரம் கழுவினான். அண்ணி துடைத்த மேசைகளையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கஞ்சில ரெண்டு தடவ உப்பு போட்ட. ஒருவாட்டி இல்ல, மூணு நாள்" என்றான் கடைசியில். "ஏதோ கோவம்னு நினைச்சு பேசாம தின்னேன். கேட்டிருக்கணும்."

"நான் சொல்லியிருக்கணும்" என்றாள் அண்ணி. துணியைக் கீழே போட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

ஆகஸ்டில் நான் ஊர் திரும்பும்வரை வாசனை வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று அந்த வாரமே போய்ப் பார்த்த மருத்துவர் சொல்லியிருந்தார். அக்டோபரில் ஒரு காலை தொலைபேசி அடித்தது.

"இர்மெலி, வெங்காயம் வதக்கினேன். ரப்பர் எரியற மாதிரி நாறுது!"

"அது நல்லதா அண்ணி, கெட்டதா?"

"தெரியல. டாக்டர்கிட்ட இன்னும் கேக்கல. ஆனா நாறுதுடி!" அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. பின்னால் அண்ணன் அடுத்ததாக எதையோ முகரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். "இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு அண்ணி ஓடினாள். தொலைபேசியை வைக்கக்கூட இல்லை.